மயக்க ஊசி பூனையோட இதயத்தைக் கெடுத்துடுமா?

குடியாத்தத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "டாக்டர், எங்க பூனைக்குக் குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணோம். மயக்க ஊசி போட்டதும் துடிப்பு பாதியாக் கொறஞ்சிடுச்சுன்னாங்க. ஊசி இதயத்தைக் கெடுத்துடுமா?"

நேத்து ராத்திரி இத படிச்சதுலேருந்து இதே நெனப்புதான். நம்ம பக்கம் அதிகமாப் போடறது சைலசினும் கீட்டமினும். சைலசின் ரத்தக்குழாயைச் சுருக்கும், அழுத்தம் ஏறும், இதயம் மெதுவாயிடும். நடுவுல ஒரு துடிப்பு விட்டும் போகலாம். பூனைக்கு நிமிஷத்துக்கு 140லேருந்து 220 வரைக்கும் துடிக்கும், அது பாதியானா யாருக்கும் பக்குன்னுதான் இருக்கும். கண்ணு வெச்சுப் பாத்துக்கணும், ஆனா அதுக்காக இதயம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல.

கீட்டமின் நேர் எதிர், ஓட வைக்கும். எனக்கு அந்த ஓட்டந்தான் பயம். இதயச் சுவர் தடிச்சுப் போற வியாதி பூனைங்களுக்கு நெறைய வருது. ஸ்டெதஸ்கோப்புல ஒண்ணுமே கேக்காம ஒளிஞ்சிருக்கும். சுவர் தடிச்சா உள்ள எடம் கம்மி. வேகமாத் துடிச்சா ரத்தம் உள்ள வந்து நெரம்பறதுக்கு நேரம் கெடைக்காது. சந்தேகம் இருந்தா மொதல்ல எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், பாத்துடுங்க.

சரி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. எப்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்? பழைய வீடியோவுலயும் சொன்னேன், திரும்பச் சொல்றேன், திட்டாதீங்க. இங்கிலாந்துல 2002லேருந்து 2004 வரைக்கும் கணக்கெடுத்தாங்க. மயக்கத்தால செத்த பூனைங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் செத்திருக்கு. அதுலயும் மொத மூணு மணி நேரம் ரொம்ப மோசம்.

காட்பாடிப் பெரியவர் ஒருத்தர், கத்திரி வெயில் சமயம். ஆபரேஷன் முடிஞ்ச பூனைக்கு நேரா டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சிருந்தாரு, பாசத்துலதான். தெர்மாமீட்டர் வெச்சா 35 டிகிரி. பூனைக்கு 38க்கு மேல இருக்கணும். "இன்னா டாக்டரே, வேலூரு வெயில்ல பூனைக்குக் குளுருதாங்கிறியே!"ன்னு சிரிச்சாரு. மயக்கத்துல இருக்கற பூனையால ஒடம்புச் சூட்டைக் காப்பாத்திக்க முடியாது. ஒடம்பு சில்லுன்னு ஆனா இதயம் மெதுவாகும், மருந்தும் சீக்கிரம் எறங்காது. நாம பழியை ஊசி மேல போட்டுடுவோம்! வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்தி வெச்சோம். காது ஆடறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள வெளிய ஷேர் ஆட்டோக்காரர் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சுட்டாரு. போகச் சொல்லிட்டேன்.

தங்கச்சி, உங்க பூனை இப்ப சாப்பிடுதா, எழுந்து நடக்குதா? கீழ எழுதுங்க.