எது முதற்பதிப்பு?

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய நாவல் ஒன்று கைக்கு வந்தால் நாம் உடனே தேடுவது ‘முதற்பதிப்பு’ என்ற வரியைத்தான். அந்த ஒரு வரியை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

ஆங்கில நாவல்களில் வேலை ஓரளவு சுலபம். பலவற்றில் உரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 என்று 1 வரை இறங்கும் எண் வரிசை இருக்கும். மறுஅச்சு போடும்போதெல்லாம் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். மிஞ்சியதில் சிறிய எண் எதுவோ, அதுவே எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். ஆனால் ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே வரிசையை 2இல் நிறுத்தி, கூடவே ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று போட்டது. இது தெரியாதவர் நல்ல பிரதியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நாவலில் எல்லாரும் 53ஆம் பக்கத்தைப் புரட்டுவார்கள். பள்ளிக்கு வாங்கும் சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வரும். அந்தப் பிழையும் வேண்டும், எண் வரிசை 1 வரை இறங்கவும் வேண்டும். அந்த முதல் அச்சில் கெட்டி அட்டையில் வந்தவை 500 பிரதிகள்தான்.

சரி, தமிழ் நாவலுக்கு என்ன வழி? நம் புத்தகங்களில் எண் வரிசை அபூர்வம். போதாததற்கு, இன்னொருவர் எப்போதோ வெளியிட்ட நாவலைப் புதிதாகப் போடுகிற பதிப்பகமும் ‘முதற்பதிப்பு’ என்றே அச்சடிப்பதுண்டு. அவர்களுக்கு அது முதல்தான், நாவலுக்கு அல்ல.

அதனால் எழுத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய நாவல்களில் பெரும்பாலும் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். (பெரியார் தம் இதழ்களில் 1935இலேயே புது வடிவத்துக்கு மாறிவிட்டார், அந்த வழி வந்த வெளியீடுகள் விதிவிலக்கு.) 1962 என்று போட்ட நாவலில் இன்றைய னை இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் தாளின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்து கோத்து அடித்த பக்கம் லேசாகப் புடைத்து விரலில் தட்டும். பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் அது இருக்காது. விலையையும் விடாதீர்கள். ரூபாய்க்கான தனிக் குறியீடு வந்தது 2010இல். புத்தகத்துக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் 13 இலக்கமானது 2007இல்.

நம் சிங்கப்பூர் நாவல்களின் கதை வேறு. எழுத்தாளரே கைக்காசு போட்டுச் சென்னையில் அச்சடித்துக் கொண்டுவந்தவை ஏராளம். முகவரி இங்கே, அச்சகம் அங்கே. அவற்றில் பல மறுபதிப்பே காணாதவை. வீட்டில் கிடப்பது பெரும்பாலும் முதற்பதிப்பாகவே இருக்கும். அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் பெரிய காரியம். தயவுசெய்து பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஓரத்தை வெட்டி, மேலட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். விலையும் ஓவியர் பெயரும் அதோடு போய்விடும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வேறு காத்திருக்கிறது.

பெரியவர்கள் காலமாகி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்யும்போது, பெட்டியைப் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் நான்கு பக்கங்களைப் புரட்டுங்கள். சந்தேகம் வந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே அதே நாவல் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.