கிளினிக்கை விடுவாரா, கடனை விடுவாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் இலங்கையில் அரச வைத்தியசாலையில் காசு கட்டாமல் மருந்து எடுக்கலாம். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேருக்குக் கிடைக்காத வசதி இது. ஆனாலும் கிளினிக் நாளில் வாங்கிலில் காத்திருப்பவர்களோடு கொஞ்ச நேரம் கதைத்துப் பாருங்கள். வெங்காயத் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகிற ஒரு அம்மா, சீனி வருத்தம். முதல் பஸ்ஸில் வந்து, நம்பர் எடுத்து, இரத்தம் சோதித்து, மருந்தோடு வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய கூலி போச்சு. குழுக்கடன் கட்டவேண்டிய கிழமை என்றால் அவர் கிளினிக்கைத்தான் விடுவார், கடனை விட முடியாது. இப்படி நாலைந்து தவணை போனால் காலில் வந்த சின்னப் புண்கூட ஆறாது. விரலை எடுக்கவேண்டிய நிலை வந்ததும், "ஒழுங்காக மருந்து போட்டிருக்கலாமே" என்று அவரையே ஏசுகிறோம். எனக்கு ஆற்றமுடியாத கோபம் வருகிற இடம் இது.

பிரித்தானியப் பேராசிரியர் சேர் மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணைக்குழு 2008இல் இதைத்தான் விரிவாக எழுதியது. பணமும் அதிகாரமும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதில்தான் நோயின் வேர் இருக்கிறது. ஆயுள் மிகக் கூடிய நாட்டுக்கும் மிகக் குறைந்த நாட்டுக்கும் இடையில் 33 வருட வித்தியாசம் என்கிறது அதே நிறுவனத்தின் 2025 அறிக்கை.

இனி, எங்கள் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணீரைத்தான் காலங்காலமாக அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் இறங்குகின்றன. அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு, பல கிணறுகளில், குடிதண்ணீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கத் திணறும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். வசதியுள்ளவர் போத்தல் தண்ணீர் வாங்குவார். இரண்டு பரப்புக் காணிக்குள் கிணற்றையும் மலக்குழியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

அந்த அம்மாவின் கதைதான் நாடுகளின் கதையும். கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவழிப்பதைவிடக் கடன் வட்டிக்குக் கூடக் கட்டும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2024இல் கணக்குச் சொன்னது. கடனில் நாடு முறிந்தால் வார்டில் என்ன நடக்கும் என்பதை 2022இல் நாங்களே கண்டோம்.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். யுத்த காலத்திலும் விடாமல் மருந்தடித்து, வலை கொடுத்து, காய்ச்சல்காரரைத் தேடித்தேடி இரத்தம் சோதித்த இந்த நாட்டை, மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலகம் ஏற்றுக்கொண்டது. சரி, இப்போது எங்கள் ஊரில் என்ன கேட்கலாம்? கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பின்னேரக் கிளினிக் வேண்டும். மாரிக்கு முன்னும் பின்னும் கிணறுகளைச் சோதித்து, முடிவை சனசமூக நிலையப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.