அப்பத்தா கேட்ட ‘அப்புறம்?’

(மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், தொடக்கப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பள்ளி முற்றத்தை ஒதுக்கித் தந்த தலைமையாசிரியர் அவர்களே, வேலைகளுக்கிடையே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் போட்டுக் கொடுத்த மீனவர் சங்கப் பெரியவர்களே, ஜமாத் நிர்வாகிகளே, பங்குத்தந்தை அவர்களே, அனைவருக்கும் வணக்கம். கடலில் பாசி எடுத்துவிட்டு வந்து, காயாத தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நீங்கள் வந்ததால்தான் இது கூட்டம்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளை கையில் இருக்கும் செல்போன், வீட்டில் வாசிப்பு, பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது.

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பார்கள். தகப்பனையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு ஊட்டும்போது நம் கண் செல்போனில் இருந்தால், அந்தப் பிள்ளையின் கண் வேறெங்கே போகும்?

நம் கரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம்.

மூன்றாம் வகுப்புப் பையன். அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மா விடியற்காலையில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்குப் போய்விடுவார். செல்போன் கடல் தண்ணீரில் நனைந்துவிடக் கூடாதே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவார். பையன் அதில் கேம் விளையாடுவான். கேமுக்குள் ஓர் ‘அண்ணன்’ பழக்கமானான். தம்பி, தம்பி என்று பாசமாகப் பேசினான். ஒருநாள், “உனக்கு கேமில் வாங்கும் வைரம் இலவசமாகத் தருகிறேன், அம்மாவோட ஏ.டி.எம். கார்டை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பு” என்றான். பையன் அனுப்பினான். “இப்போ ஒரு மெசேஜ் வரும், அதில் இருக்கும் நம்பரைச் சொல்லு” என்றான். ஓ.டி.பி. என்றால் என்னவென்று எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? எழுத்துக்கூட்டி ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் விழுந்த வாரம் அது. அத்தனையும் போய்விட்டது.

வைரமும் வரவில்லை, அந்த அண்ணனும் திரும்ப வரவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பையனுக்குப் புரிந்தது. சொன்னால் அடி விழும், செல்போனையும் பிடுங்கிவிடுவார்கள். வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

அந்த வீட்டில் ஓர் அப்பத்தா. கைநாட்டு. ஆனால் தினம் ராத்திரி பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவன் படிப்பது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. அவன் நிறுத்தும் இடத்தில் எல்லாம் “அப்புறம்?” என்பார், அவ்வளவுதான். அன்றைக்குக் காக்காவும் வடையும் கதை. காக்கா ரொம்ப அழகா இருக்கு, ஒரு பாட்டுப் பாடு என்று நரி சொல்லும் இடம் வந்ததும் பையன் நிறுத்திவிட்டான். அப்பத்தா வழக்கம்போல “அப்புறம்?” என்றார்.

“அப்பத்தா, நானும் ஒரு நரிகிட்ட ஏமாந்துட்டேன்” என்று மடியில் விழுந்து அழுதான்.

அப்பத்தா அடிக்கவில்லை. “நரி செஞ்சதுக்கு நீ எதுக்குய்யா அழுவுற?” என்று முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடச் சொன்னார். சில நாள் கடந்துவிட்டதால் பணம் கைமாறிப் போயிருந்தது. உடனே சொன்னால், பணம் போகிற வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தாய்மார்களே, 1930 என்ற எண்ணை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பணம் சம்பந்தமில்லாமல் யாராவது பிள்ளையிடம் தப்பாகப் பேசினால், போட்டோ கேட்டால், மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

பிள்ளையின் செல்போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் ஃபேமிலி லிங்க் செயலியைப் போடுங்கள், யூடியூபில் அடுத்தடுத்து தானாக ஓடுவதை நிறுத்துங்கள், யு.பி.ஐ. பின் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். வாட்ஸ்அப்பில் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளவே 13 வயதாக வேண்டும். எல்லாம் செய்யுங்கள். ஆனால் அந்தப் பையனை வாய் திறக்க வைத்தது எந்தப் பூட்டும் இல்லை. ராத்திரி கால் மணி நேரம் ஒரு பெரியவர் தனக்கென்று உட்கார்ந்து கேட்கிறார் என்ற தைரியம். அதனால்தான் வாசிப்பையும் செல்போனையும் நான் பிரித்துப் பேசுவதில்லை. “எனக்குப் படிக்கத் தெரியாதே சார்” என்கிறீர்களே, காது இருக்கிறதல்லவா? பாடப்புத்தகம் போதும். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’ இதழ் இருக்கிறது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. நீங்கள் கேட்க உட்கார்ந்தால் அவன் படிக்க உட்காருவான்.

சரி, அதற்கு மேல் படிக்கப் புத்தகத்துக்கு எங்கே போவது? இங்கேதான் நான் எல்லா மேடையிலும் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். ராமேசுவரத்தில் சிறுவன் கலாமுக்கு எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற பெரியவர் தம் வீட்டுப் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். ஒரு தனி மனிதரின் அலமாரி அது. நம் ஊரில் அரசாங்க நூலகமே இருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளி விட்டு, தம்பி தங்கையைப் பார்த்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வரும்போது அது பூட்டிக் கிடக்கிறது. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. நம் காசில் நடக்கும் நூலகம் நம் பிள்ளைக்கு வசதியான நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை.

தாயைப் போலப் பிள்ளை என்றேனே, வாரத்தில் ஒருநாள் நீங்களும் கூட வாருங்கள். குழந்தைகள் அலமாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுக்க நூலக வாசகர் வட்டம் தயார்.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைமையாசிரியர் அடுத்துப் பேசுவார். மாலை 4 முதல் 8 வரை நூலகம் திறக்கக் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அப்பத்தாமார்களுக்கு மையும் வைத்திருக்கிறோம், கைநாட்டு வைக்கலாம். வணக்கம்.