தொண்டைக்குள் ஒரு பால்மடி

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

புறாப்பால் என்று நான் தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு ஐயா சிரித்துவிட்டார். நியாயம்தான். முட்டையிடுவது பறவை, பாலூட்டுவது விலங்கு என்றுதானே படித்திருக்கிறோம். ஆனால் புறா வளர்க்கும் தம்பிகள் யாராவது இங்கே இருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். பொரித்து இரண்டு நாளான குஞ்சின் கழுத்தடி உப்பியிருப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே இருப்பது தானியம் அல்ல, பால்.

டம்ளரில் ஊற்றுகிற பால் என்று நினைத்துவிடாதீர்கள். பனீரை உதிர்த்துப் போட்டதுபோல் கட்டிகட்டியாக இருக்கும். பறவையின் கழுத்தடியில் தீனிப்பை என்று ஒன்று உண்டு. கொத்தித் தின்ற தானியம் முதலில் தங்கி ஊறுவது அங்கேதான். முட்டை பொரியும் நாள் நெருங்கும்போது அந்தப் பையின் உட்சுவர் தடிக்கும், மடிப்பு மடிப்பாகும், செல்களுக்குள் கொழுப்பு ஏறும். பிறகு மேலடுக்குச் செல்கள் உதிரும். உதிர்ந்த அந்தச் செல்கள்தான் பால்! சுரப்பியும் இல்லை, காம்பும் இல்லை. தலையில் பொடுகு உதிர்கிற மாதிரி என்றால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் கிட்டத்தட்ட அந்த வழிதான்.

சத்தில் குறைவில்லை. தண்ணீரைக் கழித்துவிட்டால் சுமார் 60 சதவீதம் புரதம், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நோய் எதிர்ப்புப் பொருள்களும் உண்டு. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும் கிடையாது. முதல் நாலைந்து நாள் குஞ்சுக்கு இது மட்டுமே ஆகாரம். அப்புறம் ஊறிய தானியமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்காகப் புழு பூச்சி தேடி அலைய வேண்டும். புறாவுக்குத் தானியம் கிடைத்தால் போதும், பாலாக்கிவிடும். உங்கள் ஏசி பெட்டிக்குப் பின்னால் எந்த மாதம் பார்த்தாலும் ஒரு கூடு இருக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பால் கொடுப்பது யார்? அம்மாவும் அப்பாவும்! 17, 18 நாள் அடைகாப்பதிலும் பங்கு உண்டு. பகலில் பெரும்பாலும் ஆண் உட்காரும், மாலையிலிருந்து காலை வரை பெண். பூநாரையிலும் இருவரும் பாலூட்டுவார்கள். பேரரசப் பென்குயினில் அப்பா மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அடைகாத்துக்கொண்டிருந்த ஆண் புறாவைக் கூட்டிலிருந்து பிரித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். முட்டையைத் தொட வழியில்லை. ஆனால் துணை அடைகாப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் காட்சி ஒன்றே போதுமாக இருந்தது, ஆணின் தீனிப்பை பாலுக்குத் தயாராவதற்கு.

கண்ணில் பட்டது தொண்டையில் எப்படிப் பாலாகிறது? நடுவே இருப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. 1786இலேயே ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் புறாப்பாலைப் பற்றி எழுதிவிட்டார். அது எதனால் உண்டாகிறது என்பது தெரிய ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆஸ்கார் ரிடில் குழுவினர் பிட்யூட்டரியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதற்குப் புரோலாக்டின் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைக்கிறதே, அதே புரோலாக்டின்!

அதன் அளவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? புறாவுக்கு ஊசி போட்டு, தீனிப்பை எவ்வளவு தடிக்கிறது என்று பார்த்துத்தான். பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களில் இதுதான் நடைமுறை. ரத்தத்திலேயே நேராக அளக்கும் முறை வந்த பிறகுதான் புறாக்களுக்கு அந்த வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது.