கூட்ஸ் வண்டி கடக்கும் அரை நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகிறது என்று அறிவித்தால் நடைமேடையில் எல்லோரும் இரண்டடி பின்வாங்குவார்கள். வருவது கூட்ஸ் வண்டி என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். "அது மெதுவாகத்தானே போகும்!" இந்த "தானே" மீது எனக்குப் பல காலமாகக் கோபம்.

மெதுவாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று. பெரிய உருவம் வேகமாக நகர்ந்தாலும் நமக்கு மந்தமாகவே படுகிறது. ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இதை ஒரு காரணமாக 1985-இல் எடுத்துக்காட்டினார். நடைமேடை விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கும் அதே கண்தானே.

அடுத்தது காற்று. பயணிகள் பெட்டிகள் ஓரளவு வழவழப்பானவை, ஒன்றையொன்று ஒட்டி வருபவை. கூட்ஸ் வண்டியில் ஒரு வேகன் உயரம், அடுத்தது வெறும் தட்டை, கன்டெய்னர்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. இந்தக் கரடுமுரடான உடம்பு, பக்கத்துக் காற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் எக்ஸ்பிரஸைவிடக் குறைந்த வேகத்தில் போனாலும் பலத்த காற்றைக் கிளப்புகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். என் நிலையத்திலிருந்து தினமும் வண்டி ஏறும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். "ஓடும் ரயிலுக்கும் ஆளுக்கும் நடுவே காற்று வேகமாகப் பாய்கிறது, அழுத்தம் குறைகிறது, ஆளை ரயில் உள்ளே இழுக்கிறது. பெர்னூலி தத்துவம், சார்" என்பார். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் விடவில்லை. கூட்ஸ் வரும்போது நடைமேடையில் கிடக்கும் காகிதத்தைப் பாருங்கள் என்றேன். வண்டி வந்தது. காகிதம் நேரே ரயிலுக்குள் பாயவில்லை. வண்டி போகும் திசையிலேயே சரசரவென்று ஓடியது, எழும்பியது, குட்டிக்கரணம் போட்டது, ஒரு தட்டை வேகன் வந்ததும் தொப்பென்று விழுந்தது, அடுத்த கன்டெய்னருக்கு மறுபடி கிளம்பியது. ஆசிரியர் கடைசிவரை பார்த்தார். பிறகு, "காகிதத்துக்குப் பெர்னூலி தெரியாது, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழுத்தம் குறைவதும் கொஞ்சம் உண்டுதான், அவரை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த விட்டுவிட்டு அடிக்கும் காற்று. அது தள்ளும்போது நாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளிக்கிறோம். சட்டென்று நின்றுவிட்டால், சாய்ந்த பக்கமே தடுமாறுகிறோம். அது எந்தப் பக்கமாக இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இன்ஜின் கடந்ததும் ஆபத்து முடிந்தது என்று ஓரடி முன்னே வருகிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். 700 மீட்டர் நீள வண்டி, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் உங்களைக் கடக்க 35 வினாடி ஆகும். அத்தனை வினாடியும் காற்று உண்டு. கடைசி வேகன் போன பிறகும் சில வினாடிகள் உண்டு. மறுபடியும் சொல்கிறேன், இன்ஜின் போனது வெறும் ஆரம்பம். அவிழ்ந்த தார்பாய், தொங்கும் கயிறு, சரியாகப் பூட்டாத கதவு எதுவும் நடுவில் எந்த வேகனிலும் வரலாம்.

சக்கரம் வைத்தவை தனிக் கவலை. 2016-இல் இங்கிலாந்தின் ட்வைஃபோர்ட் நிலையத்தில், கடந்துபோன கூட்ஸ் வண்டியின் காற்று ஒரு சக்கர நாற்காலியை, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, நகர்த்தி வண்டியின் மேல் மோதவைத்தது. மழைநீர் வடிய நடைமேடையில் லேசான சரிவு வைத்திருப்பார்கள். பழைய நடைமேடைகள் பலவற்றில் அது தண்டவாளப் பக்கமாகவே இருக்கும். எனவே நாற்காலியோ குழந்தை வண்டியோ, பிரேக்கைப் போடுங்கள், கையையும் எடுக்காதீர்கள். சக்கரம் வைத்த பெட்டியைப் படுக்கவைத்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. விளிம்போரம் பதித்திருக்கும் புடைப்புக் கற்களைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். பார்வையற்றோர் காலால் உணர்வதற்காக ஜப்பானின் செய்இச்சி மியாகே உருவாக்கியவை அவை. 1967-இல் ஒகயாமா நகரத் தெருவில் முதலில் பதித்தார்கள். அவற்றின் மேல் மூட்டை வைக்காதீர்கள். நிலையங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: "வண்டி நிற்காது" என்ற அறிவிப்பு, வண்டி தலைகாட்டிய பிறகு வந்து பயனில்லை. பாரம் ஏற்றிய கூட்ஸ் வேகமாக வரும்போது டிரைவர் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். நடைமேடை இல்லாத நடுப்பாதை இருக்கும் இடங்களில் கூட்ஸை அதில் அனுப்புவது பற்றி... சரி, அதற்கு நேரமில்லை. வணக்கம்.