ஒரு ‘ப்’ குறைந்தால் எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் கடதாசி இருந்தால் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, ‘ப்’ என்ற எழுத்தை விட்டுவிட்டு ‘யாழ்பாணம்’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஓர் எழுத்து என்பீர்கள். நான் கணினியிடம் கேட்டேன். பிஎச்பி என்ற கணினி மொழியில் இதற்கென்றே இருக்கும் கட்டளை 6 என்றது. பைதன் என்ற இன்னொரு கணினி மொழியில் நான் எழுதிய நிரல் 2 என்றது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் புத்தகப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போதுதான் இந்தச் சிக்கல் வந்தது. பல வருடங்களாகப் பல கைகள் எழுதிய பதிவேடு அது. ஒரே ஆசிரியர் ஒரு பக்கத்தில் இரத்தினம், இன்னொரு பக்கத்தில் ரத்தினம், வேறொரு பக்கத்தில் ரட்ணம். இவர்களை ஒன்றுசேர்க்க, சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும்.

அளக்கும் முறையைத் தந்தவர் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவென்ஷ்தைன். ஆண்டு 1965. ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். ஒரு சொல்லை மற்றதாக்க இப்படி ஆகக் குறைந்தது எத்தனை வேலை தேவையோ, அதுவே தூரம். ஒரு சொல்லை மேலேயும் மற்றதை இடப்பக்கமும் எழுதிக் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போனால் கடைசிக் கட்டத்தில் விடை நிற்கும். பாடசாலைப் பிள்ளையும் கையால் செய்து பார்க்கலாம்.

அப்படியென்றால் 6 எங்கிருந்து வந்தது? எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யுனிகோட்டில் ‘ப்’ ஒரே குறியீடு அல்ல. ‘ப’ ஒன்று, மேலே உள்ள புள்ளி இன்னொன்று. பைதன் இந்தக் குறியீடுகளை எண்ணுகிறது, ஆகவே 2. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், பைட்டு என்ற சிறு சேமிப்பு அலகில், 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படும். பிஎச்பியின் கட்டளை பைட்டுகளை எண்ணுகிறது, ஆகவே 6. இரண்டும் தங்கள் கணக்கில் சரிதான். ஆனால் அரிவரியில் நாங்கள் படித்த எழுத்தை இரண்டுமே எண்ணவில்லை. யாழ்ப்பாணம் எங்களுக்கு 6 எழுத்து, பைதனுக்கு 11 குறியீடு, பிஎச்பிக்கு 33 பைட்டு.

இதைவிட என்னை அலைக்கழித்தது கோப்பாய் என்ற ஊர்ப்பெயர். பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு ‘கோப்பாய்’களுக்கு இடையில் தூரம் 2 என்று வந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். ஒன்றில் ‘ோ’ ஒரே குறியீடாகவும், மற்றதில் இரட்டைக் கொம்பும் அரவுமாக இரண்டு குறியீடாகவும் பதிவாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்! இப்படி வேறுவேறாகப் பதிவான ஒரே எழுத்தை ஒரே வடிவமாக்கும் யுனிகோட் சீராக்கத்தை அளக்க முன்பே செய்துவிட்டால் இது மறைந்துவிடும். அடுத்து, மெய்யையும் அதன் பின்னால் வரும் புள்ளியையோ உயிர்க்குறியையோ சேர்த்து ஓர் எழுத்தாக்கி, பட்டியலாகப் பிரித்துக் கொடுத்தேன். அப்போதுதான் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்பாணத்துக்கும் இடையில் 1 வந்தது. தமிழுக்கு நிரல் எழுதுகிற பிள்ளைகள் இந்த இரண்டு படிகளையும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொரு முடிச்சு எங்கள் எழுத்துப் பழக்கம். கனடாவிலிருந்து உறவுகள் அனுப்பிய புத்தகங்களில் பதிப்பிடத்தை நாங்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவோம், வேறு சிலர் ‘டொரன்டோ’ என்பார்கள். நான்கு எழுத்தில் மூன்று வேறு. தூரம் 3, நகரம் ஒன்று. ‘பழம்’, ‘பலம்’ தூரம் 1, பொருளோ எங்கேயோ. ஆகவே எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை போட முடியாது. ர-ட, ற-ர மாற்றங்களுக்கு ஒன்றுக்குப் பதிலாகக் கால் போட்டேன். ரொறன்ரோவும் டொரன்டோவும் முக்கால் தூரத்துக்கு நெருங்கிவிட்டன. அந்தச் சலுகையை எல்லாச் சொல்லுக்கும் கொடுத்தால் மரமும் மடமும் அயலட்டையாகிவிடும். அதனால் பதிவேட்டில் பிறநாட்டு ஊர்ப்பெயர் வரும் பதிப்பிடப் பகுதிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ரத்தினமும் ரட்ணமும் உண்மையில் ஒருவரா என்பதை மட்டும் நிரலிடம் விடவில்லை. தூரம் குறைந்த சோடிகளை அது அச்சடித்துத் தரும். நிலையத்தின் பழைய நூலகர் ஐயா அலுமாரியைத் திறந்து, புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலால் சரி போடுகிறார்.