உறைக்குள் மூங்கில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய படம் என்றதும் வாளை உறையிலிருந்து உருவும் ஓசைதான் பலருக்கு முதலில் ஞாபகம் வரும். ஒரே வீச்சு. எதிரி ஒரு நொடி அப்படியே நிற்பான், அப்புறம் சாய்வான். நானும் அதை ரசிப்பவன்தான். ஆனால் அந்த வாள் அதை அணிந்தவனுக்கு என்னவாக இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு இரண்டு படங்கள். இரண்டிலும் சாமுராயின் இடுப்பில் உறை இருக்கிறது. உள்ளே இருப்பது மூங்கில்.

கொஞ்சம் வரலாறு வேண்டியிருக்கிறது. 1588-இல் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி குடியானவர்களிடம் இருந்த வாள்களைப் பறிமுதல் செய்தார். அதன்பின் வந்த டோகுகவா குடும்பத்தின் ஆட்சியில், நீள வாளும் குறுவாளும் சேர்த்து இடுப்பில் செருகும் உரிமை சாமுராய்க்கு மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டரை நூற்றாண்டில் பெரும்பகுதி போரே இல்லை. கணக்கெழுதுகிறவர், கிடங்கில் அரிசி மூட்டை எண்ணுகிறவர் என்று எல்லாருடைய இடுப்பிலும் இரண்டு வாள். வெட்ட வேலை இல்லை. நான் யார் என்று ஊருக்குச் சொல்வதே அதன் வேலை.

மசாகி கொபயாஷி 1962-இல் எடுத்த ‘ஹரகிரி’ இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கதை நடப்பது 1630-இல், எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில். எஜமானரின் குடும்பம் கலைக்கப்பட்டதால் வேலை இழந்த சாமுராய்கள் பெரிய பிரபுக்களின் வாசலில் வந்து நிற்கிறார்கள்: “மானத்தோடு வயிற்றைக் கிழித்துச் சாக உங்கள் முற்றத்தில் இடம் கொடுங்கள்.” சில வீடுகளில் தொல்லை விட்டால் போதும் என்று காசு கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படி ஈயி குடும்பத்தின் வாசலுக்கு வருகிறான் மோட்டோமே என்ற இளைஞன். மனைவிக்கும் குழந்தைக்கும் நோய். வாள்களை ஏற்கனவே விற்றுவிட்டான். உறையில் மூங்கில் என்பது தெரிந்தும், அதைக் கொண்டே வயிற்றைக் கிழித்துக்கொள்ளக் கட்டாயப்படுத்துகிறார்கள். அந்தக் காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு வருகிறது. தட்சுயா நகடாய் நடித்த ஹன்ஷிரோ, மோட்டோமேயின் மாமனார். மருமகன் வாளை விற்றிருக்கிறான் என்று தெரிந்ததும் அவருக்கு உறைக்கிறது: பேரன் காய்ச்சலில் கிடந்தபோதும் தன் வாளை விற்கும் எண்ணம் தனக்கு வரவே இல்லையே என்று. பழிவாங்கும் கதையில் நாயகன் தன் வாள்மீதே கோபப்படுவதை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? கடைசியில் அந்தப் பெரிய வீட்டார் அவரை அடக்கக் கொண்டுவருவது துப்பாக்கிகளை. வாளின் மானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியவர்கள்தான் அவர்கள்.

இந்தத் துப்பாக்கி விஷயம் இயக்குநர் அகிரா குரோசவாவிடமும் உண்டு. 1954-இல் வந்த ‘செவன் சாமுராய்’ படத்தில் இறந்துபோகும் நான்கு சாமுராய்களில் ஒருவர்கூட வாளால் சாகவில்லை. நால்வரும் குண்டு பட்டே விழுகிறார்கள், அந்தக் குழுவின் மிகச் சிறந்த வாள்வீரர் உட்பட. அதே படத்தில் கிகுச்சியோ சண்டைக்கு முன் பல வாள்களை மண்ணில் குத்தி வைத்துக்கொள்கிறான். ஒரே வாள் பலரை வெட்டத் தாங்காது என்பது அவனுக்குத் தெரியும். ஒரே வாளால் நூறு பேரைச் சாய்க்கும் படங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை!

இரண்டாவது மூங்கில், யோஜி யமடாவின் ‘த ட்விலைட் சாமுராய்’, 2002. செய்பே கிடங்கில் வேலை பார்க்கும் எளிய ஆள். சம்பளம் 50 கோக்கு அரிசி. ஒரு கோக்கு என்றால் ஒருவர் ஓராண்டு சாப்பிடும் அளவு. மனைவி இறந்துவிட்டாள். இரண்டு சிறு பெண்கள், நினைவு தடுமாறும் தாய். மேலிடத்து உத்தரவு: வீட்டுக்குள் பதுங்கியிருக்கும் ஜென்எமொன் என்ற வீரனைக் கொன்று வா. போகிற இடத்தில் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், குடும்பக் கஷ்டம் எல்லாம். மனைவியின் இறுதிச் சடங்குக்காக நீள வாளை விற்றதைச் செய்பே மனம் விட்டுச் சொல்கிறான். அதுவரை தப்பிப் போகும் நினைப்பில் இருந்த ஜென்எமொன் அதைக் கேட்டதும் கொதித்துப்போகிறான். மூங்கிலோடு தன்னைக் கொல்ல வந்தது அவனுக்கு அவமானம். வறுமையைப் புரிந்துகொண்டவனால் இதைப் பொறுக்க முடியவில்லை.

சண்டை தாழ்வான கூரைக்குக் கீழே நடக்கிறது. ஜென்எமொனின் நீள வாள் மேலே மரத்தில் சிக்கிக்கொள்கிறது. செய்பேயிடம் மிஞ்சியிருந்த குறுவாள் வேலையை முடிக்கிறது. இது நடந்து சில ஆண்டுகளில் சாமுராய் ஆட்சி போகிறது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்துவிட்டது.

பார்க்க விரும்புகிறவர்கள் யமடாவின் படத்தில் தொடங்குங்கள். ‘ஹரகிரி’யைத் தூங்கப் போகும் முன் மட்டும் பார்க்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.